பெயர் இல்லாத சாவி

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் ஒருவரை மட்டும் கைகாட்டிவிட்டுப் போக முடியாது. ஏறக்குறைய எல்லார் மேலும்தான்.

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் சில மாங்கூழ் ஆலைகளுக்கும், ஓசூரில் ஒன்றிரண்டு உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கும் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாம்பழ சீசன் வந்துவிட்டால் எனக்கு ஞாயிறு, திங்கள் என்று எதுவும் கிடையாது. அன்று மாதா கோயிலில் பூசை முடிந்து படி இறங்கும்போதே போன் அடித்தது. கூழ் ஆலை மேனேஜர்.

"மேடம், ஸ்டெரிலைசர் கம்ப்யூட்டரு நேத்து மத்தியானமே படுத்துக்கிச்சி. எங்க எலக்ட்ரீசியன் ஏதேதோ பண்ணிப் பாத்தாரு, எழும்பல."

"நேத்து படுத்ததுக்கு இன்னைக்குக் கூப்பிடறீங்களா?"

"நாங்களே பாத்துக்கலாம்னு இருந்தோம் மேடம்."

இந்த 'நாங்களே பாத்துக்கலாம்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்கு ஆகாது. அப்படிப் பார்த்துக்கொண்டவர்கள் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்ப் புடவைகூட மாற்றாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆலை வாசலில் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நின்றன. எல்லாம் பெங்களூரா ரக மாங்காய். வெயில் ஏறியிருந்தது, அடியில் நசுங்கிய காயின் புளிப்பு வாசனை கேட்டுக்கு வெளியிலேயே அடித்தது. வரிசையில் என் அண்ணனின் டிராக்டரும் நின்றது. அப்பாவுக்குப் பிறகு வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அந்த வருஷம் பூ நன்றாகப் பிடித்து, பிறகு காற்றில் பாதி கொட்டிவிட்டது. மிச்சத்தில் பெரும்பகுதி அந்த டிரெய்லரில்தான் இருந்தது.

"நேத்து சாயங்காலமே வந்துட்டேன் பாப்பா" என்றார். எனக்கு நாற்பது வயதானாலும் அவருக்கு நான் பாப்பாதான். "அடியில சூடேறிடுச்சி. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள எறக்கலைன்னா கேட்டுல கழிச்சி உட்டுடுவானுங்க."

"நான் பாத்துக்கறேண்ணா. சாப்டீங்களா?"

"அது கெடக்குது. நீ போய் வேலையப் பாரு."

கன்ட்ரோல் ரூமில் டிஸ்க் செத்துக் கிடந்தது. அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. உதிரியாக ஒரு டிஸ்க் வாங்கி வையுங்கள் என்று போன சீசனிலேயே சொல்லியிருந்தேன். 'சீசன் முடியட்டும் மேடம்' என்றார்கள். சீசன் முடிந்தது, அடுத்த சீசனும் வந்தது. நல்லவேளையாக என் பையில் ஒன்று இருந்தது, அதை மாட்டினேன். இனி ஸ்டெரிலைசரை ஓட்டுகிற சாஃப்ட்வேரை ஏற்ற வேண்டும். அதன் பிரதி ஒன்றை ஒரு பென் டிரைவில் போட்டு, 'அழிக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதி ஒட்டி, அந்த ரூம் சுவரிலேயே ஆணியடித்து மாட்டியிருந்தேன். ஆணி இருந்தது. பென் டிரைவும் இருந்தது. கம்ப்யூட்டரில் செருகினேன். முழுக்க சாமி பாட்டு. சீசன் துவக்கப் பூஜைக்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேறு பென் டிரைவ் கிடைக்கவில்லையாம், அதனால் இதை அழித்துப் பாட்டை ஏற்றியிருக்கிறார்கள். ஒட்டியிருந்த காகிதத்தின் மேலேயே சந்தனப் பொட்டு வேறு வைத்திருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பென் டிரைவை ஜன்னல் வழியாக எறிந்தேன். மேனேஜர் ஓடிப்போய் எடுத்து வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சாஃப்ட்வேரைச் செய்த கம்பெனி பெங்களூர் போகிற வழியில் பொம்மசந்திராப் பக்கம் இருக்கிறது. மேனேஜர் முதல் நாளே அவர்களுக்கு மெயில் அனுப்பியிருந்தார், பதிலும் வந்திருந்தது. டவுன்லோடு செய்ய ஒரு லிங்க், கூடவே அந்தக் கோப்புக்கான டிஜிட்டல் கையொப்பம். சந்தேகம் இருந்தால் அழைக்க ஒரு செல்போன் எண். கீழே பெயர் போட்டிருந்த ஆளை எனக்குத் தெரியாது. கம்பெனியின் மெயில் பெட்டிக்குள் வேறு யாராவது நுழைந்திருந்தாலும் இப்படித்தான் பதில் வரும்.

அந்த ஸ்டெரிலைசர் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கூழைக் குழாய்க்குள் சூடாக்கி, அந்தச் சூடு குறையாமல் கொஞ்ச நேரம் வைத்து, கிருமி செத்த பிறகு பேரலில் வைத்த பைக்குள் நிரப்பி அடைக்கிறது. சூடு ஒரு அளவுக்குக் கீழே போனால் வால்வைத் திருப்பிக் கூழைப் பின்னால் அனுப்ப வேண்டும். திருப்பச் சொல்வது அந்த சாஃப்ட்வேர்தான். அது பொய் சொன்னால் வேகாத கூழ் பேரலுக்குள் போய், பேரல் கப்பலில் போய், எங்கோ ஒரு குழந்தையின் பள்ளிக்கூட ஜூஸ் டப்பாவுக்குள் போகும். இதை மேனேஜர் என்னைவிட நன்றாகவே அறிவார். அறிந்தும் அவசரத்தில் மறந்துவிடுகிறார், அதுதான் என் ஆத்திரம்.

கையொப்பம் எப்படி வேலை செய்கிறது என்பது பெரிய வித்தை இல்லை. செய்தவரிடம் ரகசியச் சாவி ஒன்று இருக்கும், அதை வைத்துக் கோப்பில் கையொப்பமிடுவார். அதற்கு ஜோடியான பொதுச் சாவியை ஊருக்கெல்லாம் கொடுப்பார். நாம் பொதுச் சாவியை வைத்துச் சோதித்தால், ரகசியச் சாவி வைத்திருப்பவர் கையொப்பமிட்ட பிறகு கோப்பை யாரும் தொடவில்லை என்பது தெரியும். ஆனால் அந்தச் சாவி யாருடையது என்பது தெரியாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஊரில் முக்கால்வாசிப் பேர் தாண்டிக் குதிக்கிற இடமும் இதுதான்.

ஸ்டெரிலைசர் வந்து இறங்கிய வருஷத்தில் அந்தக் கம்பெனியின் மெக்கானிக் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பொதுச் சாவியின் கைரேகையை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல நான் ஒப்பிட்டுப் பார்த்திருந்தேன். கைரேகை என்பது சாவியை அடையாளம் காட்டுகிற நீளமான எண்ணும் எழுத்தும். அந்தச் சாவி என் லேப்டாப்பில் இன்னும் இருக்கிறது. மெயிலில் வந்த கோப்பைச் சோதித்தேன். இது வேறு சாவியால் போட்ட கையொப்பம்.

பொதுச் சாவிகளை வைப்பதற்கென்று இணையத்தில் சர்வர்கள் உண்டு. அதில் பழைய வகை ஒன்று இருக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் சாவியைப் போடலாம், ஏன் என்று கேட்க ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவர் மாதிரி, பசை வைத்திருப்பவன் நோட்டீஸ் ஒட்டலாம். அங்கே தேடினால் அந்தக் கம்பெனி பெயரில் எனக்குத் தெரிந்த பழைய சாவியும் இருந்தது, சமீபத்தில் ஏற்றிய புதுச் சாவியும் இருந்தது. கோப்பில் இருந்தது புதியதன் கையொப்பம். பழைய சாவியை மாற்றுபவர்கள், புதியது எங்களுடையதுதான் என்று பழையதை வைத்தே ஒரு கையொப்பம் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அப்படி ஒன்றும் இல்லை.

இன்னொரு வகை சர்வரில் கொஞ்சம் பொறுப்பு உண்டு. சாவியில் இருக்கும் மெயில் முகவரிக்கு ஒரு லிங்க் அனுப்புவார்கள், முகவரிக்காரர் அதைத் திறந்து ஆம் என்ற பிறகுதான் பெயரைக் காட்டுவார்கள். அங்கேயும் தேடினேன். புதுச் சாவி இருந்தது, அதில் பெயர் இல்லை. யாரோ ஏற்றியிருக்கிறார்கள், நான்தான் என்று யாரும் சொல்லவில்லை.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனையின் முதல் வரியில் கையொப்பம் சரி என்று இருந்தது. அடுத்த வரியில், இந்தச் சாவி அதன் உரிமையாளருடையதுதான் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை என்று எச்சரிக்கை. அவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்.

"சரின்னு வந்துடுச்சே மேடம். ஏத்திடலாம்ல?"

"கீழ படிங்க."

"அது எப்பவும் வர்றதுதான. போன் போட்டுக் கேட்டுடறேன் இருங்க."

மெயிலில் இருந்த அதே எண்ணுக்கு, போனை ஸ்பீக்கரில் வைத்துப் போட்டார். ஒரு இளைஞன் எடுத்தான். கைரேகையைச் சொல்லச் சொன்னார், அவனும் கன்னடம் கலந்த தமிழில் முழுவதையும் படபடவென்று சொன்னான். திரையில் இருந்ததோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. மேனேஜர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, வழக்கில் ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தார்.

"அவரே சொல்லிட்டாரு மேடம். இதுக்கு மேல என்னா?"

"சார், மெயில் மேலதான் சந்தேகம். அந்த மெயில்ல இருக்கற நம்பருக்கே போன் போட்டுக் கேட்டா அவன் வேற என்ன சொல்லுவான்? வெளிய காய் எடை போட விவசாயி சொந்தத் தராசோட வந்தா நீங்க ஒத்துக்குவீங்களா?"

"அது வேற, இது வேற மேடம்."

வேறே இல்லை, அதேதான். ஒரு டிராக்டர் காயை எடைபோட சீல் வைத்த மேடை வேண்டும் இவர்களுக்கு. ஆலையையே ஓட்டப்போகிற ஒரு கோப்புக்கு மட்டும் வந்தவன் வாய்ச்சொல் போதும்.

நம்பகமான எண் ஒன்று எனக்குத் தெரிந்தது. ஸ்டெரிலைசரின் மேல் ஆணி வைத்து அறைந்த தகட்டில், கம்பெனியின் ஆபீஸ் எண் பொறித்திருந்தது. அது மெஷினோடு லாரியில் வந்தது, நேற்று யாரும் மாற்றியிருக்க முடியாது. அதற்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள். சீசன் நேரத்தில் தமிழ்நாட்டு எல்லை முழுக்க இவர்கள் மெஷின் ஓடுகிறது என்று தெரிந்தும் ஒரு ஆளை ஆபீஸில் உட்கார வைக்காத கம்பெனி. பிறகு மெக்கானிக்கின் சொந்த எண்ணுக்குப் போட்டேன். அத்திப்பள்ளியில் வீடு, வருஷா வருஷம் சர்வீஸுக்கு வருபவர், குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அவரும் எடுக்கவில்லை.

மத்தியானம் தாண்டியது. மேனேஜர் வெளியே போய் வரிசையில் நின்றவர்களிடம் ஏதோ சொல்வது கேட்டது. "சாஃப்ட்வேர் வந்துடுச்சிங்க. மேடம் ஓகே சொல்லணும், அவ்ளோதான்." சொல்லிவிட்டு ஏ.சி. ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோல் ரூம் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் தெலுங்கில் கேட்டார்.

"ஏமம்மா, மா காயலு குள்ளிப்போயினாக்க ஓகே செப்தாவா?"

காய் அழுகிய பிறகு ஓகே சொல்வாயா என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். கூட்டத்தில் பின்னால் அண்ணன் நின்றார். இவள் என் தங்கச்சி என்று அங்கே அவர் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு உள்ளே வந்தார்.

"போன்ல அந்தப் பையன் எல்லாத்தையும் கரெக்டா சொன்னானாமே பாப்பா."

"அவன் யாருன்னு எனக்குத் தெரியாதுண்ணா."

"கம்பெனிக்காரன்தான?"

"அத அவன் மட்டும்தான் சொல்றான்."

அண்ணன் திரையைப் பார்த்தார். "பொய்யா இருந்தா என்ன ஆவும்?"

"கூழ் வேகாமயே வெந்த மாதிரி காட்டும். இல்ல மெஷினப் பூட்டிப்புட்டுப் பணம் கேப்பான். இல்ல ஒண்ணுமே ஆவாது. எனக்குத் தெரியலண்ணா."

"செரி. உன் வேல உனக்குத் தெரியும்" என்றார். குரலில் வருத்தமோ கோபமோ எதுவும் காட்டாமல் சொல்லிவிட்டுப் போனார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

பொய் சொல்ல விரும்பவில்லை, அப்போது என் விரல் மவுஸின் மேல்தான் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் மெஷின் ஓடும், அண்ணன் காயை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவார், நானும் போய்ப் படுப்பேன். நூற்றுக்குத் தொண்ணூறு அது நல்ல கோப்புதான் என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதால்தான் ஆத்திரம் இன்னும் கூடியது. டிஸ்க் வாங்காதவர்கள், பென் டிரைவை அழித்தவர்கள், சாவியை மாற்றிவிட்டு ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒரே கதவில் என்னை நிறுத்தி, அதைத் திறக்காததற்கு என்னையே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். நான் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

மெக்கானிக் திரும்பக் கூப்பிட்டபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசமாம், கழற்றி வைத்த சட்டையின் பையிலேயே போனை விட்டுவிட்டாராம். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது.

"சரியாத்தான் நிறுத்தி இருக்கீங்க மேடம். ஸ்வல்ப இருங்க, எங்க டெவலப்பர் நம்பர் எங்கிட்ட இருக்குது. நானே லைன்ல சேக்கறேன்."

சேர்த்தார். அந்தப் பக்கம் எடுத்த குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. காலையில் மேனேஜரிடம் கைரேகை சொன்ன அதே இளைஞன். உண்மையிலேயே கம்பெனிக்காரன்தான். கோப்பும் உண்மையான கோப்புதான். முன்னால் இருந்த டெவலப்பர் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போனதில், பழைய சாவியின் பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. இவன் புதிதாக ஒரு சாவி செய்து, இரண்டு சர்வரிலும் ஏற்றியிருக்கிறான். ஒரு கம்பெனியின் அடையாளத்தையே ஒரே ஆளின் தலைக்குள் வைத்திருந்திருக்கிறார்கள், அவர் தலையோடு போய்விட்டார்.

"அந்த ரெண்டாவது சர்வர்ல உங்க பேரு ஏன் இல்ல?" என்று கேட்டேன்.

"அவங்க மெயில்ல லிங்க் அனுப்பி இருந்தாங்க மேடம். கிளிக் பண்ண மறந்துட்டேன்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கெட்ட வார்த்தை மட்டும்தான் பாக்கி. இங்கே வாசலில் எத்தனை டிராக்டர் நிற்கிறது தெரியுமா என்றேன். உன் ஒரு கிளிக்குக்கு எத்தனை பேருடைய வருஷம் அழுகிக்கொண்டிருக்கிறது என்று தெரியுமா என்றேன். அவன் மன்னிப்புக் கேட்டான். நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை. லைனில் இருக்கும்போதே அவன் அந்த லிங்கைத் திறந்தான். சர்வர் பக்கத்தைத் திரும்பத் தேடினேன், கம்பெனி மெயிலும் அவன் பெயரும் சாவியின் மேல் வந்து உட்கார்ந்தன. மெக்கானிக் கேட்டுக்கொண்டிருக்க, கைரேகையை அவன் இன்னொரு தடவை சொல்ல, நான் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டு, அதன் பிறகுதான் கோப்பை ஏற்றினேன். ஸ்டெரிலைசர் ஓடியது.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "கடைசில அதே ஃபைலுதான மேடம்?"

"அதே ஃபைலுதான்."

"அப்ப காலையிலயே ஏத்தியிருக்கலாம்."

சாலையில் கண்ணை மூடிக்கொண்டு குறுக்கே ஓடி, அடிபடாமல் போய்ச் சேர்ந்தவன் அடுத்த தடவையும் அப்படியே போகலாம் என்று சொல்வதைப் போன்ற பேச்சு அது. விளக்கினாலும் தலையில் ஏறாது.

வெளியே கேட்டில் காயை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். இறக்கினார்கள் என்றா சொன்னேன், கழிக்கத் தொடங்கியிருந்தார்கள். முதல் நாளே வந்து வரிசையின் முன்னால் நின்ற வண்டிகளைத்தான் முதலில் கழித்தார்கள், ஏனென்றால் அதிக நேரம் நின்ற காய்தான் அதிகம் நசுங்கியிருந்தது. அண்ணனின் டிரெய்லரிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. சோதிக்கிற ஆள் ஒரு காயை எடுத்து அழுத்திப் பார்த்தான், விரல் உள்ளே போயிற்று. கையை ஆட்டி ஓரம்கட்டச் சொல்லிவிட்டான்.

நான் நேராக மேனேஜரிடம் போனேன். "நீங்க நிறுத்தி வெச்சதால கெட்ட காய் இது. உங்க டிஸ்க் செத்ததால கெட்ட காய். இத நீங்கதான் எடுத்துக்கணும்."

"எக்ஸ்போர்ட் கூழு மேடம். நசுங்குன காய எடுத்தா வாங்கறவன் ஒத்துக்க மாட்டான். ரூல்னா ரூலுதான்." பிறகு சிரிக்காமல் சொன்னார். "நீங்களும் ரூல் பாத்துதான மேடம் நிறுத்துனீங்க."

என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. எடைமேடை ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது ஞாபகமிருக்கிறது. என் ரூலும் அவர் ரூலும் ஒன்றில்லை. நான் நிறுத்தியது யாரோ ஒரு குழந்தையின் வயிற்றுக்காக, அவர் கழித்தது தன் தலைக்கு வராமல் இருக்க. இதை அன்று இவ்வளவு கோர்வையாகச் சொல்ல வரவில்லை. கத்தத்தான் வந்தது, அதற்கும் பலன் ஒன்றும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பின்னால் ஓடினேன்.

"அண்ணா, அந்த ஃபைல் நல்லதுதான்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்க வழி இல்ல."

"எனக்குப் புரியுது பாப்பா. தள்ளி நில்லு, சக்கரம் ஏறிடும்."

காயை எங்கே கொட்டினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தார், பிள்ளைகளோடு சாப்பிட்டார், பழையபடி சிரித்துத்தான் பேசினார். தோப்பைப் பற்றி மட்டும் பேச்செடுக்கவில்லை.

இந்த சீசனில் அவர் அந்த ஆலைக்குக் காய் போடவில்லை. ஆந்திர எல்லையைத் தாண்டி இன்னொரு ஆலைக்குப் போகிறார். அந்த ஆலையை எனக்குத் தெரியும். ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார்கள். அங்கே ஸ்டெரிலைசரை ஓட்டுவது யாரோ பூட்டை உடைத்துக் கொடுத்த திருட்டு சாஃப்ட்வேர், கையொப்பம் என்ற பேச்சே கிடையாது. நான் சரிபார்க்காமல் எதையும் தொடமாட்டேன் என்றதும், டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அங்கே சூடு சரியாகக் காட்டுகிறதா என்று யாருக்குமே தெரியாது, அந்தக் கூழை நம்பி யாருக்கும் கொடுக்க முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"தெரியும் பாப்பா" என்றார். "அங்க எதுக்கும் வண்டிய நிறுத்தறதில்ல."